கிரைண்டருக்கு எர்த் இருக்கிறதா?

பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவருக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது. செல்போனைக் கையால் தொடாதீர்கள் என்பார் ஒருவர். எதிர்வீட்டு மொட்டை மாடியில் டவர் நிற்கிறது, பேசாமல் வீட்டை மாற்றிவிடுங்கள் என்பார் இன்னொருவர். மைக்ரோவேவ் அவனைத் தூக்கி யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லும் மாமாவும் வருவார். குளிக்கும்போது கீசர் குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறதே, அதைப் பார்த்தீர்களா என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கட்சி. காரணம் சொல்ல வேண்டுமானால், அந்தக் கருவி நெஞ்சுக்குள் உட்கார்ந்து என்ன வேலை பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1958 அக்டோபர் 8ஆம் தேதி, ஸ்டாக்ஹோமை அடுத்த சோல்னாவில் உள்ள கரோலின்ஸ்கா மருத்துவமனையில், ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர் உலகிலேயே முதன்முறையாக ஒரு பேஸ்மேக்கரை மனித உடலுக்குள் வைத்தார். கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர். எபாக்சி பிசினில் வார்த்த வட்டக் கட்டி அது. வார்ப்பதற்கு அச்சாகப் பயன்பட்டது ஷூ பாலிஷ் டப்பா. அதைப் பெற்றுக்கொண்டவர் ஆர்னே லார்சன். முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. ஆனால் லார்சன் அதற்குப் பிறகு 43 ஆண்டுகள் வாழ்ந்தார். இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, 86 வயதில், இதயத்துக்குச் சம்பந்தமே இல்லாத புற்றுநோயால் 2001இல் இறந்தார்.

அந்தக் காலத்துக் கருவிகளுக்குக் காது கிடையாது. நிமிடத்துக்கு 70 முறை தட்டு என்று அமைத்துவிட்டால் தட்டிக்கொண்டே இருக்கும். இதயம் தானாகத் துடிக்கிறதா இல்லையா என்று பார்க்காது. இதில் ஒரு சங்கடம் உண்டு. பல நோயாளிகளுக்கு இதயம் சில நேரம் ஒழுங்காகத் துடிக்கும், சில நேரம் மட்டும் தவறவிடும். ஒழுங்காகத் துடிக்கும் நேரத்தில் கருவியும் சேர்ந்து தட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஒரு துடிப்பு முடிந்து இதயத் தசை மீண்டு வரும் குறிப்பிட்ட தருணத்தில் கருவியின் தட்டு விழுந்துவிட்டால், அபூர்வமாக, இதயம் தாளம் கெட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடலாம். அது உயிருக்கே ஆபத்து.

1960களின் நடுவில் பரூ பெர்கோவிட்ஸ் என்ற பொறியாளர் வேறொரு வழி கண்டார். கச்சேரியில் இரண்டாவதாக ஒரு மிருதங்கக்காரரை உட்கார வைத்து, “முதல் ஆள் வாசிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இரு, அவர் தவறவிட்டால் மட்டும் நீ தட்டு” என்று சொல்வது போன்ற ஏற்பாடு அது. தேவைப்பட்டால் மட்டும் துடிக்கும் பேஸ்மேக்கர். இன்று உலகில் வைக்கப்படும் பேஸ்மேக்கர்கள் எல்லாமே இந்த வகை. பேட்டரியும் மிச்சம், மோதலும் இல்லை. ஆனால் இதற்காகக் கருவிக்குக் காது வைக்க வேண்டியிருந்தது. காது வைத்த நாளிலிருந்து, இதயம் அல்லாத வேறு எதையோ கேட்டு ஏமாறும் வாய்ப்பும் கூடவே வந்துவிட்டது. மின்காந்தக் குறுக்கீடு என்று பெரிய பெயரில் சொல்வதெல்லாம், பெரும்பாலும், இந்த ஏமாற்றத்தைத்தான். மின்காந்த அலை கருவியை எரித்துவிடும், பொசுக்கிவிடும் என்றெல்லாம் நினைத்துக்கொள்பவர்கள் பலர். ஆஸ்பத்திரிக்கு வெளியே அப்படி நடப்பது மிக மிக அரிது. கருவி பழுதில்லாமல், தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஏமாறுகிறது.

எவ்வளவு மெல்லிய ஒலியைக் கேட்கும் காது அது? இதயத்தின் கீழறைச் சுவரில் பதிந்திருக்கும் மின்கம்பியின் நுனியில் ஒவ்வொரு துடிப்புக்கும் எழும் மின்னழுத்தம் சுமார் 5 முதல் 25 மில்லிவோல்ட். மேலறையில் அதைவிடக் குறைவு, 1.5 முதல் 5 மில்லிவோல்ட் வரை. ஆகவே கீழறையில் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட்டைத் தாண்டும் எதையும் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும்படி கருவியை அமைப்பார்கள். மேலறையில் அரை மில்லிவோல்ட் போதும். டிவி ரிமோட்டில் போடும் பென்சில் பேட்டரி ஒன்று 1500 மில்லிவோல்ட் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் காதின் கூர்மை விளங்கும்.

இதையும் மிஞ்சிய காது ஐ.சி.டி. என்ற கருவிக்கு. இதயம் தாளம் கெட்டு நடுங்கும்போது உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் கருவி இது. மிஷெல் மிரோவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய இது, 1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. நடுங்கும் இதயத்தின் மின்னலைகள் சில நேரம் மிகச் சிறியவை. அவற்றைத் தவறவிட்டால் ஆள் போய்விடுவார். அதனால் 0.3 மில்லிவோல்ட்டைக்கூடக் கேட்கும்படி ஐ.சி.டி.யை அமைக்கிறார்கள். அது கொடுக்கும் அதிர்ச்சியோ 700 வோல்ட்டுக்கு மேல். நெஞ்சில் குதிரை உதைத்த மாதிரி இருந்தது என்று வாங்கியவர்கள் சொல்வார்கள். அதைத் தேவையில்லாமல் வாங்கியவர்கள் அடுத்த அதிர்ச்சி எப்போது வருமோ என்ற பயத்திலேயே மாதக்கணக்கில் கழிப்பதும் உண்டு.

காதுக்கு வடிகட்டியும் வைத்திருக்கிறார்கள். மூச்சு விடும்போது ஏற்படும் மெதுவான அசைவுகளும், துடிப்புக்குப் பின் வரும் சோம்பலான அலையும் சுமார் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடக்கின்றன, அவற்றை வெட்டிவிடலாம். மார்புத் தசைகளின் மின் இரைச்சலில் பெரும்பகுதி மேலே கிடக்கிறது. அதையும் ஓரளவு வெட்டிவிடலாம். செல்போன், வைஃபை, ரேடியோ ஆகியவற்றின் அலைகள் கோடிக்கணக்கான ஹெர்ட்ஸ். கருவிக்குள் கம்பி நுழையும் இடத்திலேயே சின்ன மின்தேக்கிகளை வைத்து அவற்றை டைட்டேனியம் கூட்டுக்குத் திருப்பிவிடுகிறார்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. எல்லாவற்றையும் வெட்டிய பிறகு, இதயத்தின் குரலுக்காகத் திறந்துவைத்திருக்கும் ஜன்னல் ஏறத்தாழ 10 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஜன்னலுக்கு நட்ட நடுவில்! அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸும் அப்படித்தான். அதை மட்டும் தனியாக வெட்டி எறியலாமே என்று தோன்றும். வெட்டினால் இதயத் துடிப்பின் கூர்மையான பகுதியும் சேர்ந்து வெட்டுப்படும், ஏனென்றால் அதன் ஆற்றலில் பெரும்பங்கு அந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்சாரக் கம்பெனிகள் டர்பைனுக்கும் விளக்குக்கும் தோதாக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தபோது, இது யாருடைய கனவிலும் வந்திருக்காது.

சரி, 50 ஹெர்ட்ஸ் உள்ளே நுழைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்?

பேஸ்மேக்கர் அதை இதயத் துடிப்பு என்று நினைத்தால், “இவர்தான் துடித்துக்கொண்டிருக்கிறாரே” என்று கையைக் கட்டிக்கொள்ளும். சொந்தத் துடிப்பு ஓரளவு உள்ளவருக்கு இது தெரியாமலே கடந்து போகும். முழுக்கக் கருவியையே நம்பியிருப்பவருக்குச் சில நொடிகளில் கண் இருட்டும், மயக்கம் வரும். மேலறைக் கம்பியில் மட்டும் இரைச்சல் ஏறினால் வேறு கூத்து: மேலறை வேகமாகத் துடிப்பதாக எண்ணிக்கொண்டு கீழறையையும் அதே வேகத்துக்கு விரட்டும், படபடப்பு வரும். ஐ.சி.டி.யின் தவறுதான் மோசமானது. ஒரு துடிப்பை எண்ணியபின் அது நூற்றுச் சொச்சம் மில்லிநொடி காதைப் பொத்திக்கொள்ளும், பிறகு திறக்கும். திறந்தவுடன் அங்கே 50 ஹெர்ட்ஸ் காத்திருந்தால் அதுவும் ஒரு துடிப்பு. இப்படி எண்ணினால் நிமிடத்துக்கு 400க்கு மேல் கணக்கு வரும். இதயம் நடுங்குகிறது என்று முடிவுகட்டி, நல்ல நினைவோடு நின்றுகொண்டிருக்கும் மனிதருக்கு அதிர்ச்சி கொடுத்துவிடும்.

இதைத் தடுக்கப் பொறியாளர்கள் இரண்டு காவல் வைத்திருக்கிறார்கள். முதலாவது, இரைச்சல் இடைவிடாமல் தொடர்ந்தால் பேஸ்மேக்கர் அதை இரைச்சல் என்றே அடையாளம் கண்டுகொள்ளும். எந்த இதயமும் நிற்காமல் அப்படித் துடிக்க முடியாது அல்லவா? உடனே காதை மூடிக்கொண்டு, லார்சன் காலத்துக் கருவி போல நிலையான வேகத்தில் தட்டத் தொடங்கும். இரண்டாவது, ஐ.சி.டி. கேட்டவுடன் அடித்துவிடாது. குறைந்தது 18 துடிப்புகளோ 30 துடிப்புகளோ வேகமாக வந்தால்தான் நம்பும்; நம்பியபின் மின்தேக்கியை நிரப்ப மேலும் சில நொடிகள் பிடிக்கும்; அடிக்கும் முன் இன்னொரு முறை சரிபார்க்கும். ஆகவே ஒரு தடவை வந்து போய்விடும் இரைச்சலால் பெரிய கெடுதல் இல்லை, ஐ.சி.டி.க்கு ஆபத்து நின்று தொடரும் இரைச்சலால்தான். ஜவுளிக்கடை, புத்தகக் கடை வாசல்களில் நிற்கும் திருட்டுத் தடுப்புக் கம்பங்களுக்கு நடுவே நடந்து போகலாம், அங்கேயே சாய்ந்து நிற்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். அமெரிக்காவில் புத்தகக் கடையொன்றில் அப்படிப்பட்ட கம்பத்தின் அருகே நின்றிருந்த ஒருவருக்கு ஐ.சி.டி. திரும்பத் திரும்ப அடித்ததை 1998இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். கம்பத்தை விட்டு நகர்ந்திருந்தால் தீர்ந்திருக்கும்.

இப்போது கீசர் குழாய்க்கு வருவோம்.

காந்தப்புலமோ ரேடியோ அலையோ காற்று வழியே வந்து கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டுவது ஒரு வழி. தூரம் கூடக் கூட அது சட்டென்று தேய்ந்துபோகும். ஓரடி தள்ளி நின்றாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மின்சாரம் நேராக உடலுக்குள் பாய்வது இன்னொரு வழி. இங்கே தூரத்துக்கு வேலையே இல்லை. கையில் ஏறி, மார்பைக் கடந்து, காலில் இறங்கும் மின்னோட்டம் போகிற வழியில் இதயத்தில் பதிந்த கம்பியின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு மின்னழுத்த வேறுபாட்டை விட்டுவிட்டுத்தான் போகும்.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை மில்லி ஆம்பியர் கையிலிருந்து காலுக்குப் போகிறது என்று கொள்வோம். பலர் இதை உணரக்கூட மாட்டார்கள். உணர்ந்தாலும் லேசான கூச்சம், அவ்வளவுதான். மார்பின் குறுக்குவெட்டுப் பரப்பையும் உடல் திசுக்களின் மின்தடையையும் சராசரியாக எடுத்துப் போட்டால், மார்புக்குள் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 0.3 மில்லிவோல்ட் வருகிறது. இன்றைய பேஸ்மேக்கர் கம்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு நுனியிலேயே, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், இரண்டு மின்முனைகள் இருக்கும். அவற்றுக்கு இடையே 0.3 மில்லிவோல்ட், கீழறைக்கு வைத்த 2 மில்லிவோல்ட் வரம்புக்கு வெகு கீழே. பிழைத்தது. பழைய பாணியில் ஒரு முனை இதயத்திலும் மறுமுனை கழுத்தெலும்புக்குக் கீழே உள்ள கருவியின் கூட்டிலுமாக இருந்தால் இடைவெளி 20 சென்டிமீட்டர், 6 மில்லிவோல்ட். ஏமாறும். ஐ.சி.டி.யின் வரம்பே 0.3 என்பதால் அதற்கு அந்த ஒரு சென்டிமீட்டரே போதும். கம்பி கிடக்கும் திசை, கால் ஈரம், செருப்பு என்று எத்தனையோ விஷயங்கள் இந்தக் கணக்கை மாற்றும். ஆனாலும் கை உணராத ஒன்றைக் கருவி உணர்ந்துவிடும் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. மருத்துவ இதழ்களில் வந்த சம்பவங்களும் இந்த வகைதான்: எர்த் சரியில்லாத வாஷிங் மெஷினைத் தொட்டவர், ஷவரில் குளித்துக்கொண்டிருந்தவர், நீச்சல் குளத்தில் இறங்கியவர். பலர் ஷாக் எதையும் முன்கூட்டி உணரவில்லை. நேராக ஐ.சி.டி.யின் அடியைத்தான் உணர்ந்தார்கள்.

நம் சமையலறையில் வெட் கிரைண்டரைப் பாருங்கள். எவர்சில்வர் உடம்பு, உள்ளே மோட்டார், சுற்றிலும் மாவும் தண்ணீரும், கழுவிவிட்ட தரை, வெறுங்கால், ஈரக் கை. மாவை வழிக்கக் கையை உள்ளே விட்டால் உடல் ஒரு முழுமையான மின்சுற்றின் பாதி ஆகிவிடுகிறது. “லேசா கிர்ருங்குது, ஒண்ணும் இல்ல” என்று வருடக்கணக்கில் ஓட்டும் வீடுகள் எத்தனையோ. போர் மோட்டார் சுவிட்ச், இரும்புப் பெட்டி வைத்த பழைய ஏர் கூலர், வாளியில் போடும் ஹீட்டர் ராடு எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

கிரைண்டரில் பழுதே இல்லாவிட்டாலும் நிலைமை சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. இப்போது வரும் வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி போன்றவற்றுக்குள் மின்காந்த இரைச்சல் வெளியே போய்விடாமல் தடுக்க வடிகட்டி வைத்திருப்பார்கள். அதில் மின்சாரக் கம்பிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே சின்ன மின்தேக்கிகள் இருக்கும். 4.7 நானோஃபாரட் அளவுள்ள ஒரு மின்தேக்கி, நம் 230 வோல்ட்டில், மூன்றில் ஒரு மில்லி ஆம்பியரைக் கூட்டுக்குக் கசியவிடும். இது பழுது அல்ல, வடிவமைப்பே அப்படி. எர்த் கம்பி வழியாகப் போய்விடும் என்ற நம்பிக்கையில் செய்தது. நாம் எர்த் முனையை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகினால் அது எங்கே போகும்? தொடுகிறவர் வழியாகத்தான். அக்கம்பக்கத்துக் கருவிகளைக் குறுக்கீட்டிலிருந்து காப்பாற்ற வைத்த பாகமே நெஞ்சுக்குள் குறுக்கிடுகிறது. இதை யோசித்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

வீட்டில் கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பெட்டி மாட்டியிருக்கிறதே என்று சிலர் நிம்மதி கொள்வார்கள். மாட்டியிருப்பது மிக நல்லது. ஆனால் அது விழுவது 30 மில்லி ஆம்பியரில். ஆளைக் கொல்லாமல் காக்கும் வரம்பு அது. நம் கணக்கில் வந்த அரை மில்லி ஆம்பியர் அதில் அறுபதில் ஒரு பங்கு. பெட்டி அசையவே அசையாது.

உயர் மின்னழுத்தக் கோபுரங்களுக்கு அடியில் நடக்கவே பலர் பயப்படுவார்கள். அங்கே தரையில் நிற்கும் ஒருவரின் உடலில் மின்புலம் தூண்டும் மின்னோட்டம், மீட்டருக்கு ஒரு கிலோவோல்ட் புலத்துக்குச் சுமார் 13 மைக்ரோ ஆம்பியர். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு மீட்டருக்கு 5 கிலோவோல்ட். அந்த அளவில் 65 மைக்ரோ ஆம்பியர் வரும். எர்த் இல்லாத வாஷிங் மெஷினைத் தொட்டால் வருவது இதைப்போல் ஐந்து மடங்கு. துணை மின்நிலையத்துக்குள் வேலை பார்ப்பவர்களின் கதை தனி. அவர்களுக்கு வேலையிடத்திலேயே அளந்து பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். கோபுரத்தின் அடியில் கடந்து போகிறவர் கடந்து போகலாம்.

செல்போன் விஷயம் இதைவிட எளிது. பழைய 2ஜி போன் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் பக்கத்தில் இருக்கும் ரேடியோவோ ஸ்பீக்கரோ “டிட்டிட்-டிட்டிட்” என்று கரகரக்கும். போனின் அலை 90 கோடி ஹெர்ட்ஸ்; ஸ்பீக்கருக்கு அது கேட்கவே கூடாது. ஆனால் அந்தக் காலத்துப் போன்கள் நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலையை வீசின. அந்த ஏற்ற இறக்கத்தை ஸ்பீக்கரின் மின்சுற்று ஒலியாகப் பிரித்தெடுத்துவிடும். பேஸ்மேக்கருக்கும் இதே ஆபத்து இருந்தது. 1997இல் அமெரிக்காவில் 980 நோயாளிகளிடம் 5,500க்கு மேற்பட்ட சோதனைகள் செய்து பார்த்தார்கள். ஐந்தில் ஒரு சோதனையில் ஏதோ ஒரு குறுக்கீடு தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை போனைக் கருவியின்மேல் நேராகப் பிடித்துப் பார்த்ததால் வந்தவை. வழக்கம்போல் காதில் வைத்துப் பேசியபோது கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. அதன்பின் மின்தேக்கி வடிகட்டிகள் வந்துவிட்டன, 2ஜியும் போய்க்கொண்டிருக்கிறது. மிஞ்சியது ஒரே எச்சரிக்கை: கருவிக்கும் போனுக்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளி. நம் ஊர் ஆண்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் இடது கழுத்தெலும்புக்குக் கீழே வைப்பார்கள்; சட்டைப் பையும் இடது பக்கம்தான்.

அந்தச் சட்டைப் பையில் இப்போது புது விருந்தாளி வந்திருக்கிறது: காந்தம். பேஸ்மேக்கருக்குள் காந்தத்தை உணரும் ஒரு சின்ன உறுப்பு உண்டு. டாக்டர் வெளியிலிருந்து காந்தத்தை வைத்தால் பேஸ்மேக்கர் காதை மூடிக்கொண்டு நிலையான வேகத்தில் தட்டும், ஐ.சி.டி. அதிர்ச்சி கொடுப்பதை நிறுத்திவைக்கும். சுமார் 1 மில்லிடெஸ்லா காந்தப்புலம் போதும். பூமியின் காந்தப்புலத்தைவிட இருபது மடங்குதான் அது. அறுவை மேசையில் இது மிக உபயோகமான ஏற்பாடு. 2021 ஜனவரியில், காந்த வளையம் வைத்த ஐஃபோன் 12ஐ ஒரு நோயாளியின் மார்பின்மேல் வைத்தபோது அவருடைய ஐ.சி.டி. தன் வேலையை நிறுத்தியதை அமெரிக்க டாக்டர்கள் பதிவு செய்தார்கள். போனை எடுத்ததும் மீண்டும் வேலைக்கு வந்துவிட்டது. ஆனால் வைத்திருக்கும் நேரத்தில் இதயம் நடுங்கியிருந்தால் கருவி சும்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கும். காந்தக் கொக்கி வைத்த பேட்ஜ், காதில் மாட்டும் இயர்பட்ஸின் டப்பா, மார்போடு அணைத்துக்கொள்ளும் டேப்லெட் உறை எல்லாவற்றுக்கும் அதே 15 சென்டிமீட்டர் கணக்குதான். தலையில் நீர்கோப்புக்காக வைக்கும் சில வகை வால்வுகளையும் காந்தத்தால்தான் சரிசெய்கிறார்கள் என்பதால், அவை வைக்கப்பட்ட குழந்தைகளின் கையில் காந்தப் பொம்மை கிடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இண்டக்‌ஷன் அடுப்பைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. அதன் சுருள் 20 முதல் 100 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அந்த அலையின் வலு 100 ஹெர்ட்ஸில் ஏறி இறங்குவதால்தான் வில்லங்கம். சுருளை முழுக்க மூடும் பாத்திரத்தை நடுவில் வைத்து, மார்பை அதன்மேல் சாய்க்காமல் நின்றால் போதும். இரண்டடி தள்ளி நிற்கச் சொல்கிறது பிரிட்டிஷ் இதய அறக்கட்டளை. சின்னப் பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து கிளறுவதுதான் கூடாது. மைக்ரோவேவ் அவனைப் பற்றிச் சொல்ல ஒரு வரி போதும்: 1970களில் அமெரிக்க உணவகங்களில் அதற்கு எச்சரிக்கைப் பலகை தொங்கியது, இன்றைய கருவிகளுக்கு அது தேவையில்லை. மின்சாரக் கார்களையும் சோதித்துவிட்டார்கள். ஜெர்மனியில் 130 நோயாளிகள் அதிவேக சார்ஜர்களில் 561 முறை காரைச் சார்ஜ் செய்து பார்த்தபோது குறுக்கீடு ஒன்றுகூட வரவில்லை.

வெல்டிங் பட்டறையில் நிலைமை வேறு. அங்கே நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடுகிறது, கம்பியும் கையும் மார்புக்கு முன்னால். 50 வயதில் பேஸ்மேக்கர் வைத்த வெல்டருக்கு “தொழிலை விட்டுவிடு” என்று சொல்வது சுலபம். அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. கருவி தயாரிப்பாளர்களே சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறார்கள். மின்னோட்டம் 130 முதல் 160 ஆம்பியருக்குள் இருக்கட்டும். போகிற கேபிளையும் திரும்பும் கேபிளையும் சேர்த்து முறுக்கி ஓடவிட வேண்டும். மெஷின் ஐந்தடி தள்ளி நிற்கட்டும். கையுறையும் தரையும் உலர்ந்திருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்கிறார்கள், பட்டறையில் சொன்னால் நம்ப மறுப்பார்கள்: நீளமாக ஓட்டுவதைவிட, சின்னச் சின்னதாகப் பொட்டு வைப்பதுபோல் டாக் அடிப்பது அதிக ஆபத்து. நாம் மேலே பார்த்த முதல் காவலை நினைத்துக்கொண்டால் காரணம் புரியும். தொடர்ந்து வரும் இரைச்சலைக் கருவி அடையாளம் கண்டு காதை மூடிக்கொள்ளும். நொடிக்கொரு தரம் விட்டுவிட்டு வருவது அசல் இதயத் துடிப்பு போலவே இருக்கும். டாக் அடித்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவே சில நொடி இடைவெளி விட வேண்டும். எந்த வெல்டரானாலும், தன் கருவியின் வகையைச் சொல்லி டாக்டரிடம் கேட்காமல் ஹோல்டரைத் தொடக் கூடாது.

கருவியையும் உடலையும் நிஜமாகவே சேதப்படுத்தக்கூடிய சாதனங்கள், விசித்திரமாக, ஆஸ்பத்திரிகளிலும் சிகிச்சை மையங்களிலும்தான் இருக்கின்றன. அறுவையில் ரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படுத்தும் மின்கத்தி, எம்.ஆர்.ஐ., கதிர்வீச்சு சிகிச்சை. இவற்றைப் பற்றி டாக்டர்களுக்கு நன்றாகத் தெரியும். 2011 முதல் எம்.ஆர்.ஐ.க்குள் போகக்கூடிய பேஸ்மேக்கர்களும் அமெரிக்காவில் அனுமதி பெற்று வந்துவிட்டன. எனக்குக் கவலையளிப்பது தெருமுனைப் பிசியோதெரபி மையம். மூட்டு வலிக்கும் தோள் வலிக்கும் அங்கே வைக்கும் டயாதெர்மி 2.7 கோடி ஹெர்ட்ஸில் உடலின் ஆழத்தைச் சூடாக்குகிறது. உடலுக்குள் ஒரு நீண்ட கம்பி கிடந்தால் அது ஆண்டெனாவாக மாறி, எல்லாச் சூட்டையும் தன் நுனியில் கொண்டுவந்து சேர்க்கும். பார்க்கின்சன் நோய்க்காக மூளைக்குள் கம்பி வைத்திருந்த ஒருவருக்குப் பல் அறுவைக்குப் பின் தாடையில் டயாதெர்மி கொடுத்ததில் மூளைத் திசு வெந்துபோனதை 2001இல் நரம்பியல் இதழ் ஒன்று வெளியிட்டது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவரும் முழங்கால் வலிக்காரரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். முழங்காலுக்குத்தானே என்று நினைத்து நெஞ்சில் இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

ஒருவருக்கு வந்த மயக்கமோ அதிர்ச்சியோ குறுக்கீட்டால் வந்ததுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கருவியே சாட்சி வைத்திருக்கிறது. வழக்கத்துக்கு மாறாக எதையாவது கேட்டால், அந்த நேரத்து அலைவடிவத்தைத் தேதி, மணியோடு சேமித்துவைக்கும். பரிசோதனைக்குப் போகும்போது டெக்னீஷியன் மார்பின்மேல் ஒரு வாசிப்பானை வைத்து அதை எடுத்துத் திரையில் விரிப்பார். இதயத்தின் கோணல்மாணலான அலைகளுக்கு மேலே, சீப்பின் பற்களைப் போலச் சீராக, 20 மில்லிநொடிக்கு ஒன்றாக முள்முள்ளாய் நிற்கும். 50 ஹெர்ட்ஸ் என்றால் 20 மில்லிநொடிதானே; வேறு ஆதாரம் வேண்டாம். கம்பியில் விரிசல் விட்டாலும் இரைச்சல் வரும். ஆனால் அது ஒழுங்கற்றதாக, பெரும்பாலும் ஒரு கம்பியில் மட்டும் தெரியும். மின்சாரக் கசிவு எல்லாக் கம்பிகளிலும் ஒரே நேரத்தில், ஒரே சீராக ஏறும்.

அடுத்து அவர் கேட்பது, “செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்பதாக இருக்கும். குளித்துக்கொண்டிருந்தேன், மோட்டார் போட்டேன் என்று பதில் வந்தால் அதன்பின் வேலை எலக்ட்ரீஷியனுடையது. டெஸ்டர் வைத்து எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவரை விடக் கூடாது. சாக்கெட்டின் மூன்றாவது துளைக்கு உண்மையிலேயே கம்பி வருகிறதா, வந்தால் அது வாசலில் உள்ள எர்த் குழி வரை போகிறதா, குழியில் கரியும் உப்பும் போட்டது எந்தக் காலத்தில், கோடையில் தண்ணீர் ஊற்றுகிறார்களா, கீசரின் காயிலில் கசிவு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதைச் சரிசெய்துவிட்டால் பெரும்பாலும் கருவியின் அமைப்பில் எதையும் மாற்ற வேண்டியிருக்காது. அடுத்த முறை போகும்போது, சரிசெய்த தேதிக்குப் பிறகு அந்த முட்கள் மீண்டும் பதிவாகியிருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பார்கள்.